மூட்டையின் அடியும் வண்டியின் மூடியும்

வீரசோழன் வாரச்சந்தையில் மிளகாய் வற்றல் வாங்க வருபவர் மூட்டையின் வாயைப் பார்த்து விலை பேசுவதில்லை. முழங்கை மறையும் வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி வெயிலில் விரித்து, காம்பைக் கிள்ளிப் பார்த்து, காதருகே குலுக்கி விதையோசை கேட்ட பின்னரே வாய் திறப்பார். ஆடு வாங்குபவரோ வாயைப் பிளந்து பல் பார்ப்பார். முதுகுத்தண்டின் இருபுறமும் விரலால் அழுத்திச் சதைப்பற்றை அறிவார். விற்பவர் என்ன சொன்னாலும், "அது கிடக்கட்டும் பாவா, பல்லைக் காட்டும்" என்பதே மறுமொழி. மழை பொய்த்த சீமையில் ஒரு ரூபாய் தவறாகப் போனால் அதை மீண்டும் ஈட்ட எத்தனை நாள் ஆகும் என்பதை அறிந்தவர்கள் வகுத்த முறை அது.

இப்படிப்பட்ட சந்தையைப் பார்த்து வளர்ந்த இளைஞர்கள், இன்னும் கண்ணால் காணாத, சாலைக்கே வராத ஒரு காருக்காகப் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்பட்டது. அவ்வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம். தமிழ்த்துறை மலரில் காரைப் பற்றிக் கட்டுரையா என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுமையுடன் உடன்வர வேண்டுகிறேன்.

நன்னூல் வகுப்பில் தகுதி வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். இடக்கரடக்கல், மங்கலம் ஆகியவற்றை முடித்துக் குழூஉக்குறிக்கு வந்தேன். பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் "பறி" என்பர் என்னும் பழைய சான்றைக் கூறி, இன்றைய வழக்கிலிருந்து ஒன்று சொல்லுங்கள் என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "ஆர்.டபிள்யூ.டி., ஐயா" என்றார். வகுப்பு சிரித்தது. பொருள் கேட்டேன். "பின்சக்கர உந்து" என்று தூய தமிழில் விடை வந்தது. அவருடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். நன்னூல் நூற்பாக்களுக்கு ஒதுக்கிய ஓரங்களில் எல்லாம், தாழ்ந்த முன்மூக்கும் நீண்ட பின்பெட்டியும் உடைய ஒரே காரின் படம். வரவிருக்கும் ஒரு செடான் அது. அவரும் நண்பர்களும் அதன் வெளியீட்டு நாளைப் பெருநாள் பிறையைப் போல எதிர்நோக்கியிருந்தனர்.

வகுப்பு முடிந்தபின் அவரை நிறுத்தி, காரை எந்தச் சக்கரம் ஓட்டினால் என்ன என்று கேட்டேன். அன்று மாணவன் ஆனவன் நான். என்ஜின் முன்னே இருக்கும். அதன் பின்னே கியர்ப் பெட்டி. அங்கிருந்து வண்டியின் அடிவயிற்றின் வழியே நீண்ட இரும்புத் தண்டு ஒன்று சுழன்றபடி பின்னச்சுக்குச் செல்லும். அங்குள்ள பல்சக்கரங்கள் அச்சுழற்சியைத் திசைமாற்றி இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும். வளைவில் வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் மிகுதொலைவும் உட்புறச் சக்கரம் குறைதொலைவும் ஓட வேண்டுமே, அது எவ்வாறு இயலும் என்று அவரை மடக்கினேன். "களத்திலே பிணையல் விடும்போது உள்மாடு மெல்ல நடக்கும், வெளிமாடு எட்டி நடக்கும், ரெண்டும் ஒரே கயிற்றிலேதான் இருக்கும், ஐயா. அந்த வேலையைச் செய்வதுதான் டிஃபரன்ஷியல்" என்றார். இத்துணைத் தெளிவாக எந்த நூலும் எனக்கு அதை விளக்கியதில்லை. தேர்வில் அவர் பெற்ற மதிப்பெண்ணை இங்கே குறிப்பிட விரும்பவில்லை.

முன்சக்கர வண்டியில் அதே இரு சக்கரங்கள் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். பின்சக்கர வண்டியில் பின்னவை தள்ளுகின்றன. முன்னவைக்குத் திரும்புவதொன்றே பணி. விரைவு கூடும்போது எடை பின்னோக்கிச் சாய்வதால் பின்சக்கரங்கள் தரையை நன்கு பற்றும். ஓட்டுநர் கையில் உள்ள வளையம் சாலையின் செய்தியைக் கலப்பின்றிச் சொல்லும். கார் நேசர்கள் இவ்வகை வண்டிக்கு ஏங்குவதன் காரணம் இதுவே. குறையும் உண்டு. தண்டும் அச்சும் எடையைக் கூட்டும். தண்டு செல்லும் மேடு காலிடத்தை விழுங்கும். ஆளில்லா வண்டி ஈரத்தில் வழுக்கும். கரிசல் மண்ணில் ஐப்பசி மழைக்குப் பின் அம்பாசிடர் சிக்கிக்கொண்டால், "நாலு பேர் டிக்கிமேலே ஏறி உட்காருங்கப்பா" என்ற குரல் எழுவதைப் பெரியோர் நினைவு கூர்வர். பின்சக்கரத்தின் மேல் எடை ஏற்றினால் பிடிப்பு வரும் என்பதை எந்தப் பொறியியல் கல்லூரியும் சென்று அவர்கள் கற்றாரில்லை.

இடையே தமிழாசிரியனுக்கு உரிய ஒரு சிறு மகிழ்ச்சி. "பிளசர்" என்றே நம் ஊர்ப்பெரியவர்கள் காரை அழைத்தனர். பிளஷர் கார் என்பதன் தேய்வு அது. மகிழுந்து என்னும் இன்றைய சொல்லிலும் அந்த மகிழ்ச்சியின் சாயல் உண்டு. உந்துதல் என்றால் தள்ளுதல். மாட்டுவண்டி முன்னிருந்து இழுக்கப்படுவது. பழைய பிளசரோ பின்னிருந்து உந்தப்படுவது. எனவே இச்சொல் முற்றப் பொருந்துவது பின்சக்கர வண்டிக்கே. முன்சக்கர வண்டியை மகிழிழுவை என்று அழைக்கலாமோ என்று மாணவரைக் கேட்டேன். அவர் உடன்படவில்லை.

ஆகவே, இளைஞர்க்குக் கார்மேல் உள்ள வேட்கையை ஆடம்பரம், வீண்விரயம் என்று ஒரே வீச்சில் தள்ளும் பெரியோருடன் நான் உடன்படுவதற்கில்லை. இயங்குவதன் உட்பொருளை அறிய விழையும் மனம் கல்வியின் வாயில். என் குறை வேறிடத்தில் உள்ளது. அதைச் சொல்லச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1985-ஆம் ஆண்டு. எங்கள் விருதுநகர் மாவட்டம் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதும் அவ்வாண்டில்தான். அக்காலத்தில் காரென்றால் அம்பாசிடர், இல்லையேல் பத்மினி. இரண்டும் பின்சக்கர வண்டிகள். பணம் கையிலிருந்தாலும் வண்டி கைக்கு வர நெடுங்காலம் பொறுத்திருக்க வேண்டும். 1983-இல் மாருதி வண்டிக்குப் பதிவு தொடங்கியபோது, 10,000 ரூபாய் முன்பணத்துடன் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்றனர் என்றால் அந்தத் தாகத்தை உணரலாம். மாருதி சிறிய வண்டி, முன்சக்கர வண்டி. பெரிய, பின்சக்கர வண்டியை விரும்பியோர் வேறு சிலவற்றுக்காகக் காத்திருந்தனர். அவற்றுள் ஒன்று நம் சென்னையிலேயே பிறக்கவிருந்தது.

பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்னும் ஆலை இருந்தது. வேன்கார்டு, ஹெரால்டு, கெஜல் முதலிய கார்களைத் தந்த ஆலை. தமிழ்நாட்டுச் சாலைகளில் ஹெரால்டு ஓடியதை அறுபதைக் கடந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்நிறுவனம் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் புதிய காரை வெளியிட்டது. அதன் உடல் சாதாரணமானதன்று. இங்கிலாந்தில் ரோவர் நிறுவனம் 1976-இல் வெளியிட்ட, எஸ்.டி.1 என்று குறிக்கப்படும் காரின் உடல் அது. 1977-க்குரிய ஐரோப்பியக் கார் என்னும் விருதைப் பெற்றது. (பின்கதவு முழுதும் மேலே திறக்கும் அமைப்பாதலின், நுணுக்கம் பார்ப்போர் அதைச் செடான் என ஏற்கமாட்டார்கள். நம் ஊர் வழக்கில் அது பெரிய பிளசர்தான்.) அம்பாசிடரின் உருண்டை முதுகையே பார்த்துப் பழகிய கண்களுக்கு, அந்தத் தாழ்ந்த கூர்மூக்கு வேற்றுலகப் பொருளாகத் தோன்றியிருக்கும்.

மூடியைத் தூக்கினால் கதை வேறு. இங்கிலாந்தில் அவ்வுடல் முதலில் வெளிவந்தபோது உள்ளே இருந்தது எட்டு சிலிண்டர், 3,528 சி.சி. கொண்ட என்ஜின்; ஆற்றல் 155 குதிரைத்திறன். இங்கே உள்ளே வைக்கப்பட்டது நான்கு சிலிண்டர், 1,991 சி.சி., 83 குதிரைத்திறன். அதுவும் புதிதன்று, 1940-களின் இறுதியில் இங்கிலாந்தில் வெளிவந்த வேன்கார்டின் மரபில் வந்தது. கியர் நான்கே. நம் சாலைகளுக்கு ஏற்ப வண்டியை உயர்த்தியும் இருந்தனர். உடல் எழுபதுகளுடையது, உயிர் நாற்பதுகளுடையது, விலை எண்பதுகளுடையது. 1988-இல் உற்பத்தி நின்றது. ஆலையின் கார்க்கதையும் அத்துடன் முடிந்தது.

நிறுவனம் மக்களை ஏமாற்றியது என்று நான் கூறவில்லை. எத்தனை வண்டி செய்யலாம், எதை இறக்குமதி செய்யலாம் என்பதற்கெல்லாம் தில்லியின் உரிமம் வேண்டியிருந்த காலம் அது. அந்நியச் செலாவணிக்குக் கடும் கட்டுப்பாடு நிலவியது. கார்த் தொழிலுக்கு உரிமமுறை நீங்கியது 1993-இல்தான். கையிலிருந்த என்ஜினைக் கொண்டு கிடைத்த உடலை ஓட்ட முயன்றார்கள். 1984-இல் வந்த கான்டெஸாவும் அவ்வாறே: ஆங்கிலேய வாக்ஸ்ஹால் உடலுக்குள் அம்பாசிடரின் சிறிய என்ஜின். பின்னர் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் என்ஜின் பொருத்தப்பட்ட பிறகே அதற்கு உயிர் வந்தது. பிரீமியர் 118 என்.இ. மட்டும் 1985-இல் பிறக்கும்போதே பழைய ஃபியட் உடலுடன் நிசான் என்ஜினைக் கொண்டிருந்தது. காத்திருப்போர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான் இருந்தது: உள்ளே என்ன? கூர்மூக்கின் அழகில் அக்கேள்வி பலர்க்கும் எழாமற் போயிற்று.

மதீனாவின் கடைத்தெருவில் நிகழ்ந்ததாக ஹதீஸ் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இஃதென்ன என்று வணிகரைக் கேட்க, மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கடிந்தார்கள். இச்செய்தியை விற்போர்க்கான எச்சரிக்கையாகவே பயான்களில் கேட்டிருக்கிறோம். அண்ணலார் அக்குவியலைப் பார்வையோடு விட்டுவிடாமல், கையை உள்ளே விட்டார்கள் என்பதிலும் ஒரு பாடம் உண்டல்லவா? நம் சந்தையில் மிளகாய் மூட்டைக்குள் முழங்கை வரை செல்லும் கையைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்நிகழ்ச்சியே நினைவுக்கு வருகிறது.

நம் இலக்கியமும் இதில் பிற்பட்டதன்று. சச்சந்தன் மயிற்பொறி செய்வித்தான் என்று சீவக சிந்தாமணி கூறும். வலமாகத் திருகினால் எழும்; இடமாகத் திருகினால் இறங்கும். ஆபத்து வந்த நாளில் விசயையை முதன்முறையாக அதில் ஏற்றினானா? இல்லை, முன்பே அவளை அதில் ஏற்றிப் பழக்கியிருந்தான். உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர் என்பதை ஔவையார் பாடிய புறப்பாட்டால் அறிகிறோம். மேடும் பள்ளமும் ஆகிய வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று புறப்படும் முன்னரே எண்ணியவர்கள் அவர்கள். ஆலை மூடப்பட்ட காருக்கு உதிரிப்பாகம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியின் பழைய வடிவமே சேம அச்சு.

இவை பழங்கதை, இன்று இந்நிலை இல்லை என மாணவர்கள் கூறுவர். உண்மைதான். வண்டலூரைக் கடந்து அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்றால், செங்கற்பட்டு அருகே 2007-இல் பி.எம்.டபிள்யூ. தன் ஆலையைத் திறந்தது. அங்கே கோக்கப்பட்ட 3 சீரிஸ், உலகக் கார் நேசர்கள் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் பின்சக்கரச் செடான். மின்வண்டி வந்தபின் பின்சக்கர உந்து மறுபிறவி எடுத்துள்ளது. நீண்ட தண்டுக்கு வேலையின்றி, சிறிய மோட்டார் பின்னச்சிலேயே அமர்ந்துகொள்கிறது. 2024 நவம்பரில் மஹிந்திரா நிறுவனம் சென்னையில் வெளியிட்ட இரு மின்வண்டிகளும் அத்தகையனவே. அவை செடான் அல்ல. ஆயினும் 2025 பிப்ரவரியில் பதிவு தொடங்கிய முதல் நாளே 30,000-க்கும் மேற்பட்டோர் பதிந்தனர். அப்பதிவின்போது விலை வெளியாகியிருந்தது, வண்டியும் காணக் கிடைத்தது.

எல்லாக் காத்திருப்பும் அவ்வாறு அமைவதில்லை. 2016-இல் அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் மாடல் 3 என்னும் மின்செடானை அறிமுகம் செய்தபோது, இந்தியாவிலிருந்தும் பலர் 1,000 டாலர் கட்டிப் பதிந்தனர். ஒன்பது ஆண்டுகள் ஓடின. 2025 ஜூலையில் மும்பையில் அந்நிறுவனம் கடை திறந்தபோது விற்பனைக்கு வைத்தது வேறொரு வண்டியை, மாடல் ஒய் என்பதை. 1,000 டாலர் அவர்களில் பலர்க்குச் சிறுதொகை. நம் சீமையில் அது அவ்வாறன்று.

முன்பணம் கொடுத்தலை நம் மார்க்கம் விலக்கவில்லை. மதீனாவாசிகள் வரவிருக்கும் கனிகளுக்கு முன்னதாகவே பணம் கொடுத்து வந்தனர். அவ்வாறு கொடுப்போர் அளவும் எடையும் தவணையும் தெளிவாக வரையறுத்துக்கொள்ள வேண்டும் என நபிகளார் (ஸல்) பணித்தார்கள். இதனை ஸலம் என்பர். கைவினைஞரிடம் ஒரு பொருளைச் செய்து தரச் சொல்லும் இஸ்திஸ்னா ஒப்பந்தத்திலும் பொருளின் தன்மை முன்னரே தெளிவுபட வேண்டும். காணாது வாங்கியதைக் கண்டபின் வேண்டாமென மறுக்கும் உரிமையும் ஹனபி மத்ஹபில் பேசப்படுகிறது. இவற்றை விரித்துரைக்க ஹஜ்ரத்மார்கள் உள்ளனர், நான் தமிழாசிரியன். விலை தெரியாது, வரும் நாள் தெரியாது, எந்த என்ஜின் என்பதும் உறுதியில்லை என்னும் நிலையில் கட்டும் பணத்தை இவ்விதிகளில் எதனுள் அடக்குவது என்று மட்டும் அவர்களைக் கேட்கிறேன்.

மீதித்தொகையோ கடன். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் "தவணை". வட்டி என்று சொன்னால் நாக்குக் கூசும். தவணை என்றால் கூசுவதில்லை. நன்னூலார் இருந்திருந்தால் இதை மங்கலத்தில் சேர்ப்பாரா, இடக்கரடக்கலில் சேர்ப்பாரா என்று அடுத்த வகுப்பில் கேட்க இருக்கிறேன்.

இவ்வளவும் எழுதத் தூண்டிய செய்தியை இறுதியில்தான் சொல்ல முடிகிறது. குறிப்பேட்டில் படம் வரைந்த மாணவரின் அண்ணன் சபராளி, வளைகுடாவில் பணி. தம்பியின் ஆர்வம் அவரையும் பற்றிக்கொள்ள, அந்தச் செடானுக்கு அவர் முன்பணம் கட்டிவிட்டார். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டா. அறிவித்த நாள் ஒருமுறை தள்ளிப்போயிற்று, மீண்டும் தள்ளிப்போயிற்று. இவ்வூரிலேயே முதன்முதலாக அவ்வண்டி தம் வாசலில் நிற்க வேண்டும் என்பதற்காக மீதிப்பணத்தையும் வேறெதற்கும் தொடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தங்கை. நம் துறையில் இளங்கலை முடித்தவர். யாப்பில் அவருக்கு இருக்கும் தேர்ச்சி எனக்கு அவ்வயதில் இல்லை. மதுரையில் முதுகலை பயில விண்ணப்பப் படிவம் வாங்கி நிரப்பியும் வைத்துள்ளார். "வண்டி வந்து செட்டிலாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

சென்ற வாரம் அவ்வீட்டுக்குச் சென்றேன். அவருடைய அத்தா சந்தையில் நாற்பதாண்டு ஆட்டு வணிகம் செய்தவர். தேநீர் கொடுத்து உபசரித்தார். அந்த வண்டியைக் கண்ணால் கண்டவர் யாரேனும் உண்டா என்று கேட்டேன். மகன் போனில் படம் காட்டினான் என்றார். பல் பார்க்காமல் ஓர் ஆட்டையேனும் வாங்கியதுண்டா என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு உட்பக்கம் திரும்பி, "அந்த மதுரைக் காயிதத்துக்கு என்னைக்கும்மா கடைசி நாளு?" என்று மகளைக் கேட்டார். வெள்ளிக்கிழமை என்று உள்ளிருந்து குரல் வந்தது.